அன்பின் சாசனம் வகுத்த அதிபர்

மத்திய கால ஐரோப்பாவில் வாழ்ந்த துறவியருள் அர்ச். பெர்னார்துவின் புகழுக்கு ஈடான புகழ் பெற்றோர் மிகச் சிலரே. பாப்பரசர்களுக்கு ஆலோசகராகவும், அரசர்களையும் அஞ்சாது கடிந்துரைப்பவராகவும், 1146 ஆம் ஆண்டில் இரண்டாம் சிலுவைப் போருக்கு மக்களைத் திரட்டிய நாவலராகவும் அவர் விளங்கினார். வெண்ணிற அங்கி தரித்த சிஸ்தேர்சியத் துறவிகள் என்றதும் அவர் பெயரே பலருடைய நினைவுக்கு வரும். அச்சபையைத் தோற்றுவித்தவரும் அவரே என்று கருதுவாரும் உளர்.

ஆயின், பெர்னார்து துறவறம் நாடிச் சீத்தோ மடத்தின் வாயிலை அடைந்தபோது அவரை உள்ளே ஏற்ற அதிபர் ஒருவர் இருந்தார். பெர்னார்துவுக்குத் துறவு வாழ்வின் ஒழுங்கைப் பயிற்றியவர் அவர். இருபத்தைந்து வயதளவே நிரம்பிய அவ்விளைஞரின் திறமையை அறிந்து, கிளேர்வோ என்னும் புதிய மடத்துக்கு அதிபராக அனுப்பி வைத்தவரும் அவரே. சிதறிப் போயிருக்கக் கூடிய பல மடங்களை ஒரே சபையாகப் பிணைத்த சாசனமும் அவர் சிந்தனையில் உருவானதே. அவர் பெயர் ஸ்தேவான் ஹார்டிங். தமிழ்க் கத்தோலிக்கர் முடியப்பர் என்று வழங்கும் அதே பெயரே ஸ்தேவான் என்பதாகும். மாணவனின் புகழொளியில் ஆசிரியர் மறைந்து போனதற்கு அவர் வாழ்க்கை ஓர் உதாரணம்.

ஸ்தேவான் பிறந்தது இங்கிலாந்திலே, ஏறக்குறைய 1060 ஆம் ஆண்டளவில். சிறுவயதிலேயே அவர் ஷெர்போர்ண் மடத்தில் சேர்க்கப்பட்டார். அவர் சிறுவனாயிருந்த காலத்திலே, 1066 இல், நோர்மண்டியர் இங்கிலாந்தை வென்றனர். பழைய ஆங்கிலக் குடும்பங்கள் பல நிலை குலைந்தன. இளமைப் பருவம் எய்தியதும் ஹார்டிங் மடத்தை விட்டு வெளியேறினார். உலக வாழ்வின் வேட்கை அவரை இழுத்தது என்று, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே சரித்திரம் எழுதிய மாம்ஸ்பரி வில்லியம் என்னும் ஆங்கிலத் துறவி குறிப்பிடுகிறார். முதலில் ஸ்கொத்லாந்துக்கும், பின்னர்ப் பிரான்சுக்கும் சென்று அவர் கல்வி கற்றார். ஏற்ற கடமையைக் கைவிட்டு ஓடிய ஓர் இளைஞனாகவே அவர் முதலில் காட்சியளிக்கிறார் என்பதை மறைத்தற்கில்லை.

கல்வியின் பின் ஒரு தோழருடன் ரோமாபுரிக்கு யாத்திரை சென்றார். நெடுவழியில் எத்தனை இடர் நேர்ந்தாலும் இருவரும் நாள்தோறும் சங்கீதங்கள் அனைத்தையும் ஓதத் தவறியதில்லை என்பர். அந்த யாத்திரை அவர் உள்ளத்தை மாற்றியது. திரும்பும் வழியில், பேர்கண்டி நாட்டின் எல்லையிலே, மொலேம் என்னும் மடத்தை அடைந்தார். 1075 ஆம் ஆண்டில் ரொபேட் என்னும் துறவி அமைத்த மடம் அது. முன்பு ஒரு மடத்தை விட்டு ஓடிய ஹார்டிங் இங்கே தாமாகவே துறவறத்தை மீண்டும் ஏற்றார்.

மொலேம் தொடக்கத்தில் வறிய மடம். அதன் நற்பெயர் பரவப் பரவப் பிரபுக்கள் நிலங்களையும் வருவாய்களையும் வாரி வழங்கினர். செல்வம் பெருகியது, வழிபாட்டுச் சடங்குகள் நீண்டன, கையால் உழைக்கும் வழக்கம் அருகியது. மேற்கு ஐரோப்பியத் துறவிகள் அனைவரும் போற்றிய நூல், ஆறாம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு ஆகும். செபம், நூல் வாசிப்பு, கையுழைப்பு ஆகிய மூன்றும் அளவோடு அமைந்த நாளை அது விதிக்கிறது. அந்த ஒழுங்கு மொலேமில் நாள்தோறும் வாசிக்கப்பட்டது. நடைமுறையோ வேறாக இருந்தது.

இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எடுத்துக்காட்டியவர் ஹார்டிங் என்று மாம்ஸ்பரி வில்லியம் எழுதுகிறார். வழக்கம் என்பதனாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது. அதற்கு ஒழுங்கின் ஆதாரமோ அறிவுக்கு இசைந்த காரணமோ இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். ரொபேட் அதிபரும் அல்பெரிக் என்னும் மூத்த துறவியும் இதனை ஏற்றனர். ஏனையோர் பலர் ஏற்கவில்லை. ஒரே மடத்தில் இரு மனங்கள் நீண்ட நாள் வாழ முடியாது.

1098 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆம் திகதி, குருத்தோலை ஞாயிறும் அர்ச். ஆசீர்வாதப்பர் திருநாளும் ஒருங்கே வந்த அந்நாளை, சீத்தோ மடத்தின் பிறந்தநாளாகப் பாரம்பரியம் போற்றுகிறது. ரொபேட் தலைமையில் இருபத்தொரு துறவிகள் மொலேமை நீங்கி, திஜோன் நகருக்குத் தெற்கே, காடும் சதுப்பும் சூழ்ந்த ஓரிடத்தில் குடியேறினர். அதனை அவர்கள் புதிய மடம் என்றே அழைத்தனர். ஓராண்டு கழிவதற்குள் பெரும் சோதனை வந்தது. மொலேம் துறவிகள் தங்கள் அதிபரைத் திருப்பித் தரவேண்டுமென்று பாப்பரசரிடம் முறையிட்டனர். 1099 இல் ரொபேட் கட்டளைக்குப் பணிந்து திரும்பினார். அவருடன் வேறு சிலரும் திரும்பினர். எஞ்சியோர் அல்பெரிக்கை அதிபராகத் தெரிந்தனர். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளின் பின் அல்பெரிக் இறந்ததும் அப்பொறுப்பு ஸ்தேவானிடம் வந்தது.

அவர் அதிபரான பின் செய்த முதற்காரியங்களுள் ஒன்று துணிவு மிக்கது. பேர்கண்டிக் கோமகன் மடத்தின் புரவலர். அவர் உதவியின்றிச் சுவர் எழுந்திராது. பெருந்திருநாட்களில் கோமகன் தம் பரிவாரத்துடன் மடத்துக்கு வந்து அரசவை கூட்டுவது வழக்கமாயிருந்தது. ஸ்தேவானும் அவர் சகோதரரும் அதனைத் தடுத்தனர். கோமகனோ வேறெந்தப் பிரபுவோ அந்த ஆலயத்தில் அவை கூட்டலாகாது என்று விதித்தனர். அத்துடன் பொன், வெள்ளிச் சிலுவைகளை விலக்கி, வர்ணம் தீட்டிய மரச்சிலுவையே போதும் என்றனர். விளக்குத் தண்டு ஒன்றே, அதுவும் இரும்பினாலாயது. பூசை உடைகளில் பட்டு நீக்கப்பட்டது. பலிபூசைக் கிண்ணத்துக்கு வெள்ளி அனுமதிக்கப்பட்டது. கொடையாளரின் மனம் நோகுமே என்று அவர்கள் தயங்கவில்லை.

வறுமையை விரும்பிய இவ்வதிபர் கல்வியை வெறுத்தவர் அல்லர். வேதாகமத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பை மடத்துக்கெனப் பிரதி செய்யத் தொடங்கியபோது, ஏடுகள் தம்முள் வேறுபடுவதை அவர் கண்டார். சில பிரதிகளில் இராசாக்களின் ஆகமங்களில் வேறெங்கும் இல்லாத வசனங்கள் காணப்பட்டன. மூலமொழி அறிந்தவரிடம் கேளாமல் எதனையும் நீக்கவோ சேர்க்கவோ அவர் உடன்படவில்லை. எனவே வேதத்தில் வல்ல யூத அறிஞர் சிலரை நாடி, பிரான்சு நாட்டுப் பேச்சு மொழியிலேயே அவர்களிடம் வினாவினார். அவர்கள் எபிரேய, அரமேய நூல்களை அவர் முன் விரித்துப் பொருள் கூறினர். மூலத்தில் இல்லாத வசனங்களை ஸ்தேவான் சுரண்டி நீக்கச் செய்தார். இனி எவரும் அவற்றை மீண்டும் எழுதலாகாது என்று தம் பெயராலேயே குறிப்பும் எழுதி வைத்தார்.

இது நிகழ்ந்த காலத்தை நினைத்தல் வேண்டும். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1096 இல், முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதரைக் கொன்று குவித்திருந்தனர். அத்தகைய காலத்தில் ஒரு கத்தோலிக்க மடாதிபதி யூத அறிஞரை அணுகிப் பாடம் கேட்டார். கேட்டதை மறைக்காமல் எழுத்திலும் பதித்தார். 1109 ஆம் ஆண்டுக் குறிப்பைத் தாங்கிய அவ்வேதாகமம் இன்று திஜோன் நகர நூலகத்தில் பேணப்படுகிறது. அம்மடத்தில் 1111 இல் எழுதி முடிக்கப்பட்ட மற்றொரு நூலில், மரம் பிளக்கும் துறவியும் கதிர் அறுக்கும் துறவியும் எழுத்துக்களின் வடிவிலேயே தீட்டப்பட்டுள்ளனர். அம்மடத்தின் அன்றாட உழைப்பு அந்த எழுத்துக்களில் இன்றும் தெரிகிறது.

அக்கால வரலாற்றைக் கூறும் பழைய நூல், மடத்தில் சேர்வார் இன்றித் துறவிகள் மனம் சோர்ந்திருந்தனர் என்றும், அப்பொழுது இறைவன் முப்பது பேரை ஒருங்கே அனுப்பினார் என்றும் சொல்லுகிறது. அம்முப்பதின்மர் பெர்னார்துவும் அவர் உறவினரும் நண்பரும் ஆவர். இதனால், அழியும் நிலையிலிருந்த சீத்தோவைப் பெர்னார்து ஒருவரே காப்பாற்றினார் என்னும் எண்ணம் நிலைத்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து இதனைத் திருத்தியுள்ளனர். சீத்தோவின் முதல் மகள் மடமான லா பெர்த்தே 1113 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அமைந்தது. துறவிகளின் தொகைக்குப் பழைய இடம் போதாமையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டுள்ளது. பெர்னார்து சேர்ந்தது 1112 இலோ 1113 இலோ ஆகும். எனவே அவர் வருமுன்பே மடம் தழைக்கத் தொடங்கிவிட்டது என்பது தெளிவு. ஸ்தேவான் பொறுமையோடு நட்ட பயிர் முளைவிட்ட வேளையிலே பெர்னார்து வந்தார்.

1114 இல் பொன்தினியும், 1115 இல் கிளேர்வோவும் மொரிமோனும் எழுந்தன. மடங்கள் பெருகியதும் புதியதொரு வினா பிறந்தது. தாய் மடத்துக்கும் மகள் மடத்துக்கும் உள்ள உறவு யாது? அக்காலத்தில் இதற்கு இருவகை விடைகள் வழங்கின. பழைய மடங்கள் பலவும் தனித்தனியே இயங்கின. ஒன்றில் ஒழுக்கம் குன்றினால் திருத்துவார் இல்லை. குளுனி என்னும் பெருமடமோ தன் கிளைகள் அனைத்தையும் ஒரே அதிபரின் ஆட்சிக்குள் வைத்தது. அந்த அதிபர் சிறந்தவராயின் எல்லாம் சிறக்கும், தளர்ந்தால் எல்லாம் தளரும். முன்னதில் பாதுகாப்பு இல்லை. பின்னதில் சுதந்திரம் இல்லை.

ஸ்தேவான் வகுத்த வழியே அன்பின் சாசனம் எனப் பெயர் பெற்றது. அதன் முதல் விதியே வியப்புக்குரியது. தாய் மடம் மகள் மடங்களிடமிருந்து எவ்வித வரியும் காணிக்கையும் வாங்கலாகாது. பிறர் வறுமையால் தான் செல்வமடைய எண்ணும் மடம் பேராசை என்னும் பாவத்திலிருந்து தப்பாது என்பது அதன் கருத்து. பொருளில் உரிமை கோராத தாய் மடம், ஆன்மாக்களின் நலனில் மட்டும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தாய் மடத்து அதிபர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மகள் மடத்துக்குச் சென்று விசாரித்தல் வேண்டும். எல்லா மடங்களும் ஒரே ஒழுங்கை ஒரே பொருளில் விளங்கி, ஒரே வகையான பூசை நூல்களையும் பாடல் நூல்களையும் கைக்கொள்ள வேண்டும். அதிபர்கள் அனைவரும் ஆண்டுதோறும் சீத்தோவில் கூடிக் குறைகளை ஆராய வேண்டும். ஒரு மடம் தாங்கொணா வறுமையில் வீழ்ந்தால் ஏனைய மடங்கள் தத்தம் ஆற்றலுக்கு ஏற்ப உதவ வேண்டும்.

இவற்றுள் மிக ஆழமான விதி வேறொன்று. சீத்தோவின் அதிபரே ஒழுங்கினின்று வழுவினால் என் செய்வது? முதல் மகள் மடங்களின் அதிபர்கள் சபையின் பெயரால் அவரை நான்கு முறை வரை எச்சரிக்க வேண்டும். அப்பொழுதும் திருந்தாவிடின் அவர் பதவி நீக்கப்படலாம். இவ்விதியை எழுதிய காலத்தில் சீத்தோவின் அதிபராக இருந்தவர் ஸ்தேவான் தாமே. தம்மைத் திருத்தும் உரிமையைத் தம் மாணவர் கையில் அவரே கொடுத்தார். அம்மாணவருள் பெர்னார்துவும் ஒருவர்.

1119 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பாப்பரசர் இரண்டாம் கலிஸ்துஸ் இவ்வேற்பாட்டை உறுதிப்படுத்தினார். சாசனத்தின் வாசகம் பின்னர் பல முறை விரிவும் திருத்தமும் பெற்றது, அடித்தளம் மாறவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1215 இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஏனைய மடங்களின் தலைவர்களும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் கூட்டவேண்டும் என்று கட்டளையிட்டது. இம்முறையில் பழக்கமில்லாதோர் தொடக்கத்தில் அயலிலுள்ள சிஸ்தேர்சிய அதிபர் இருவரை அழைத்து அவர்களிடம் ஆலோசனை பெறல் வேண்டும் என்றும் விதித்தது. காட்டிலே ஒரு வறிய மடத்தின் தேவைக்கென வகுத்த முறை திருச்சபை முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. பெண் துறவிகளையும் ஸ்தேவான் மறந்தாரில்லை. 1120 ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் ஆதரவுடன் தார் என்னும் இடத்தில் அவர்களுக்கு ஒரு மடம் அமைந்தது.

அவர் செய்தன யாவும் வெற்றி பெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. தூய்மையான பழைய பாடல்களைத் தேடி, மெத்ஸ் நகருக்கும் மிலான் நகருக்கும் துறவிகளை அனுப்பி அங்குள்ள நூல்களைப் பிரதி செய்வித்தார். மெத்ஸிலிருந்து வந்த பாடல்கள் பலருக்கும் மனநிறைவு தரவில்லை. அவர் இறந்த பின் அவை பெர்னார்துவின் மேற்பார்வையில் திருத்தப்பட்டன. மொரிமோன் மடத்து முதல் அதிபர் ஆர்னோல்து, தம் பொறுப்பை உதறிவிட்டுத் துறவிகள் சிலருடன் திருநாட்டுக்குப் புறப்பட்டார். சாசனம் இருந்தும் ஒரு மடம் கலங்கியது. பிற்காலத்தில் சபையே பெருநிலங்களும் கம்பளி வியாபாரமும் உடையதாகி, தொடக்கத்து எளிமையை இழந்தது. சாசனம் மனித இயல்பை மாற்றிவிடாது. தவறு நேரும்போது அதனைக் கண்டு திருத்த ஒரு வழியை அது திறந்து வைக்கிறது, அவ்வளவே.

முதுமையில் ஸ்தேவான் செய்த ஒரு செயல் உள்ளத்தை உருக்குவது. 1131 ஆம் ஆண்டளவில், தாம் இளமையில் கைவிட்டு ஓடிய ஷெர்போர்ண் மடத்துத் துறவிகளுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அவர்களிடையே மிகச் சிறியவராக இருந்த தாம் தனியராக, வறியவராக அவ்விடம் விட்டு நீங்கியதையும், அத்தகைய ஒருவரையே இறைவன் தம் இரக்கத்தின் பாத்திரமாக்கியதையும் நினைவு கூர்ந்து, தங்கள் ஒழுக்கத்தில் மேன்மேலும் வளருமாறு அவர்களை ஊக்குவித்தார். ஐம்பது ஆண்டுகள் அளவு கடந்தும் அப்பழைய மடம் அவர் நினைவை விட்டு அகலவில்லை. ஓடிப்போனவனும் திரும்பலாம் என்னும் உண்மையைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். திருத்தமுடியாத மனிதரோ மடமோ இல்லை என்று அவர் நம்பியதற்கு இதுவே வேர் போலும்.

1133 ஆம் ஆண்டில், கண்பார்வை மங்கிய நிலையில், அதிபர் பதவியைத் தாமாகவே துறந்தார். துறவிகள் கீதோ என்பவரை அவ்விடத்துக்குத் தெரிந்தனர். அவர் அப்பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர் என்பது விரைவில் வெளிப்பட்டது. அப்பதவி அவரிடமிருந்து நீங்கியது. சீத்தோ அதிபர்களின் பெயர் வரிசையிலும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. ரெய்னார் என்னும் கிளேர்வோத் துறவி அடுத்த அதிபரானார். சபையின் தலைமைப் பீடமே சோதனைக்கு உள்ளானது; சபை சிதறவில்லை. தலைவர் தவறினும் குடும்பம் நிலைக்கும் என்று ஸ்தேவான் எழுதிய விதி உண்மையாயிற்று.

1134 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதி அவர் இறந்தார். இருபத்தொருவருடன் தொடங்கிய முயற்சி அப்பொழுது எழுபதுக்கு மேற்பட்ட மடங்களாகப் பெருகியிருந்தது. 1153 இல் பெர்னார்து இறந்தபோது அத்தொகை முந்நூற்றைத் தாண்டிவிட்டது. பெர்னார்துவின் சொல்வன்மை ஆயிரமாயிரம் இளைஞரை ஈர்த்தது உண்மையே. ஈர்க்கப்பட்டோர் வந்து தங்குவதற்கு வீடும், அவ்வீடு இடிந்துவிடாதபடி தாங்கும் தூண்களும் முன்னரே ஆயத்தமாயிருந்தன என்பதும் உண்மையே.

பிரஞ்சுப் புரட்சிக் காலத்தில் சீத்தோ மடம் பறிக்கப்பட்டு விற்கப்பட்டது. பழைய ஆலயம் இடிந்து போயிற்று. 1898 ஆம் ஆண்டில், மடம் தோன்றிய எண்ணூறாவது ஆண்டிலே, அவ்வழி வந்த துறவிகள் அங்கே மீண்டும் குடியேறினர். இன்றும் சிஸ்தேர்சியத் துறவிகள் சனவரி மாதம் 26 ஆம் திகதி ரொபேட், அல்பெரிக், ஸ்தேவான் ஆகிய மூவருக்கும் ஒரே திருநாளைக் கொண்டாடுகின்றனர். அத்திருநாளில் தோழருடன் சேர்ந்தே ஸ்தேவான் நினைக்கப்படுகிறார்.

தம்மைச் சுற்றியே அனைத்தும் சுழலும்படி அமைக்கும் தலைவர்கள் பலர். அவர்கள் மறைந்ததும் அமைத்தவையும் மறைகின்றன. தாம் இல்லாத நாளையும் எண்ணி, தம்மைக் கண்டிக்கும் உரிமையைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தவர் ஸ்தேவான் ஹார்டிங். அவர் பெயரை உலகம் மறந்தது. அவர் வகுத்த ஒழுங்கு மறையவில்லை.